ஐந்து முந்திரி

சேலையூர், தாம்பரம் கிழக்கு
18 நவம்பர் 2024

காலேப்புக்கு,

ஒன்பது வருடம் வாயை மூடிக்கொண்டு இருந்தாயிற்று. போதும். 'கர்த்தருக்குள் அன்பான தம்பிக்கு' என்று தொடங்கப் பேனா ஓடவில்லை. ஆகவே நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

நேற்று சர்ச் முடிந்து வந்ததும் உன் அண்ணி எப்சி தன் போனை என் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். நான் எப்போதோ விலகிவிட்ட நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் நீ அம்மாவின் படத்தைப் போட்டிருக்கிறாய். மூக்குக்கண்ணாடி, நீலக் கரைப் புடவை, கையில் கேக் டின். ரத்தினபாய் டீச்சர் கேமராவைப் பார்த்துச் சிரித்த ஒரே படம் அது. எடுத்தவன் நான். அதன் கீழே நீ எழுதியிருப்பது: "அம்மா கடைசியாகச் செய்த கேக் என் கைக்கு வந்து சேரவே இல்லை. ஏன் என்று ஒருவருக்குத்தான் தெரியும்." பதினேழு பேர் அழும் பொம்மை போட்டிருக்கிறார்கள். அந்த ஒருவர் யார் என்று அந்தப் பதினேழு பேருக்கும் தெரியும்.

நீ ரயில்வே வேலைக்குப் பிலாஸ்பூர் போனது 1993-ல். அந்த டிசம்பரிலிருந்து ஒரு வருடம் விடாமல் அம்மா உனக்குக் கேக் அனுப்பினாள். அனுப்பினாள் என்று சொல்வது சுலபம். நவம்பர் பிறந்ததும் சண்முகம் சாலைக்குப் போய் உலர்திராட்சையும் செர்ரியும் முந்திரியும் வாங்கி வந்தவன் யார்? அம்மா அவற்றை ஜாடியில் ஊறப்போட்டுக் கட்டிலுக்கு அடியில் தள்ளுவாள். ஆரஞ்சுத் தோலைக் காயவைத்து நறுக்குவாள். டிசம்பர் பத்து வாக்கில் ஒரு மத்தியானம் சர்க்கரையைக் கருக்குவாள். அந்த வாசனை தெருமுனை வரை வரும். டியூஷன் பிள்ளைகள் பாடத்தை விட்டுவிட்டு மூக்கை உறிஞ்சிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

மாவு இரண்டு டின்னுக்கு இருக்கும். சுடுவதற்கு நம் வீட்டில் அடுப்பு ஏது? துணி போட்டு மூடி, சைக்கிள் கேரியரில் கட்டி, ரயில்வே கேட்டில் நின்று, மேற்குத் தாம்பரத்தில் அந்தோணிசாமியின் பேக்கரிக்கு நான்தான் கொண்டுபோவேன். ஐம்பது வீட்டு டின்கள் ஒரே அடுப்புக்குள் போகும். அவர் வருடா வருடம் சொல்வது உனக்கும் ஞாபகம் இருக்கும்: "பேர் எழுதி ஒட்னா சீட்டு எரிஞ்சி பூடும் சார். மேல வைக்கிற முந்திரி தான் பேரு. மாத்திக் கீத்தி வச்சிடாதீங்க." அதனால் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு முந்திரிக் கோலம். நம் வீட்டுக்கு இரண்டு. நடுவில் ஒற்றை முந்திரி என்றால் வீட்டுக்கு. ஐந்து முந்திரி வட்டமாக என்றால் உனக்கு.

ஐந்து முந்திரி டின்னில் பழம் இரண்டு மடங்கு. பக்கத்தில் இருந்து பார்த்தவனுக்கு அது தெரியும். வழித்துப் போட்டது எங்களுக்கு.

சுட்டு வந்ததை பட்டர் பேப்பரில் சுற்றி, பிஸ்கட் டின்னில் வைத்து, பழைய வேட்டித் துணியில் அம்மா தைப்பாள். விலாசம் நான் எழுதுவேன். தபால் வரிசையில் நான் நிற்பேன். ஆனால் அனுப்புநர் என்ற இடத்தில் எப்போதும் ரத்தினபாய். ஒரு வருடமாவது அதில் என் பெயர் இருந்ததா?

அந்தப் பதிவை எடுத்துவிடு.

இ. அசரியா, எம்.எஸ்சி., எம்.எட்.


பிலாஸ்பூர்
26 நவம்பர் 2024

அன்புள்ள அண்ணா,

கர்த்தருக்குள் ஸ்தோத்திரம். உனக்கு ஓடாத பேனா எனக்கு ஓடுகிறது.

தபால்காரர் உறையை நீட்டியதும் உன் கையெழுத்தைப் பார்த்தேன். ஒரு நிமிடம் கேக் வந்துவிட்டது என்றே நினைத்தேன். அவர் கையில் வேறு பார்சல் இருக்கிறதா என்று எட்டிக்கூடப் பார்த்தேன். ஐம்பத்து நாலு வயது ஆகிறது, புத்தி அப்படியே இருக்கிறது.

பிறகு உள்ளே படித்தேன். தம்பிக்கு எழுதும் கடிதத்தில் எம்.எஸ்சி., எம்.எட். எதற்கு அண்ணா? நான் என்ன வேலைக்கு ஆள் எடுக்கிறேனா? ஜோசலின் அதைப் படித்துவிட்டு இரண்டு நாளாகக் கட்டின புருஷனை 'டிப்ளமா' என்றே கூப்பிடுகிறாள்.

நீ பட்ட பாட்டை நான் இல்லை என்று சொல்லவில்லை. நான் கேட்பது ஒரே ஒரு வருடத்தைப் பற்றி. 2015 கிறிஸ்துமஸ். கேக் வந்தது. ஒரு வாய் வைத்ததும் போன் செய்தேன். எடுத்தது நீ. "அண்ணா, இது அம்மா கேக் இல்லையே" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். நீ என்ன சொன்னாய்? "உன் நாக்குக்கு அம்மாவையே மறந்துபோச்சு. அப்புறம் கேக் எங்கேர்ந்து தெரியும்?" என்று கத்தினாய். பக்கத்தில் அம்மா இருமுவது எனக்குக் கேட்டது. அவள் காதில் விழ வேண்டும் என்றுதான் கத்தினாய்.

அடுத்த மாதம் அம்மா போய்விட்டாள். அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்ததும், சமையலறையில் அந்த இரண்டு டின்களும் கவிழ்த்து வைத்திருந்ததைப் பார்த்து ஏதோ கேட்டேன். என்ன கேட்டேன் என்றுகூட இப்போது சரியாக நினைவில்லை. நீ எல்லோர் முன்னாலும் கேட்டது மட்டும் நினைவிருக்கிறது: "நீ அடக்கம் பண்ண வந்தியா, தின்ன வந்தியா?" அன்று மாலையே தாம்பரம் ஸ்டேஷனில் போய் உட்கார்ந்துகொண்டேன். ரயில் மறுநாள் காலையில்தான். நீ தேடிக்கொண்டு வருவாய் என்று பார்த்தேன்.

கடையில் வாங்கின கேக்கை அம்மா பெயரில் எனக்கு அனுப்பினாய் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். இல்லை என்றால் இல்லை என்று சொல். பதிவை எடுக்க மாட்டேன்.

உன் தம்பி,
காலேப் (டிப்ளமா)


சேலையூர்
3 டிசம்பர் 2024

காலேப்புக்கு,

கடையில் வாங்கியது என்று எழுத உனக்கு எப்படி மனம் வந்தது? அது எங்கள் வீட்டில் கலந்த மாவு. அந்தோணிசாமி அடுப்பில் வெந்தது. நான் கேரியரில் கட்டிக் கொண்டுபோனது. கடைக் கேக் நம் வீட்டு வாசலை மிதித்ததில்லை என்பது உனக்குத் தெரியாதா?

ஸ்டேஷனில் காத்திருந்தாய் என்று எழுதியிருக்கிறாய். அம்மாவின் கடைசி மூன்று மாதம் அவளை பாத்ரூமுக்குத் தூக்கிக்கொண்டு போனவனுக்கு அன்றைக்கு யாரையும் தேடிக்கொண்டு வர காலில் தெம்பு இல்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போன் செய்து "எப்படிம்மா இருக்கே" என்று கேட்கிறவன் நல்ல பிள்ளை. தூக்குகிறவன் வீட்டு ஆள். அவனை யாரும் எப்படி இருக்கே என்று கேட்பதில்லை. நீ போன் வைத்த பிறகு அம்மா ஒரு மணி நேரம் உன்னைப் பற்றியே பேசுவாள். நான் அவள் காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருப்பேன்.

இதற்குமேல் எனக்கு எழுத ஒன்றும் இல்லை. நீயும் எழுத வேண்டாம்.

இ. அசரியா, எம்.எஸ்சி., எம்.எட்.


பிலாஸ்பூர்
9 டிசம்பர் 2024

அன்புள்ள அண்ணா,

எழுத வேண்டாம் என்றாய். எழுதுகிறேன். என் மகள் ஜெனிக்குக் கல்யாணம் நிச்சயமாகி இருக்கிறது. ஜனவரி பத்து, இங்கேயே சர்ச்சில். உனக்குப் பத்திரிகை அனுப்பவில்லை. உறையில் விலாசம்கூட எழுதியாயிற்று, பீரோ மேல் கிடக்கிறது. பெண் வீட்டை விட்டுக் கிளம்பும்போது பெரியப்பா ஜெபம் பண்ணுவாரா என்று ஜெனி கேட்கிறாள்.

உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். "எங்கள் வீட்டில் கலந்த மாவு" என்று எழுதியிருக்கிறாய். அம்மா கலந்த மாவு என்று எழுதவில்லை. கெமிஸ்ட்ரி வாத்தியார் வார்த்தையை அளந்துதான் போடுவார்.

உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். அம்மாவிடம் சொல்லாதது, ஜோசலினும் நானும் மட்டும் அறிந்தது. அம்மா இருபத்திரண்டு கேக் அனுப்பினாள். ஒன்றுகூட முழுசாக வந்ததில்லை. நீ பொறாமைப்பட்டாயே, இரண்டு மடங்கு பழம், அதுதான் காரணம். மாவு பிடித்து நிற்க இடமே இல்லாமல் பழத்தை அடைத்திருப்பாள். எட்டு நாள் ஆடி ஆடி வந்து, டின்னைத் திறந்தால் ஆற்று மணல் மாதிரி கொட்டும். இரண்டு வருடம் பூஞ்சையே பூத்திருந்தது. ஜோசலின் கிண்ணத்தில் போட்டுப் பால் ஊற்றித் தருவாள், ஸ்பூனால் தின்போம். கேக் என்றால் ஸ்பூனால் தின்கிற பண்டம் என்றுதான் ஜெனி பள்ளிக்கூடம் போகிற வரை நினைத்துக்கொண்டிருந்தாள். அம்மா போனில் கேட்பாள், "உடையாம வந்துச்சாடா?" என்று. "அப்படியே முழுசா வந்துச்சும்மா" என்பேன்.

மேல் பாகத்தில் ஐந்து முந்திரியும் ஒட்டிக்கொண்டு ஒரு துண்டு மட்டும் மிஞ்சும். அதைக் கடைசியில் தின்பேன். அதனால் அந்த ஐந்தும் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அம்மா ஒவ்வொன்றின் முதுகும் வெளியே பார்க்கிற மாதிரி வைப்பாள். பூ மாதிரி உருண்டையாக இருக்கும். 2015-ல் வந்த கேக் ஒரு கீறல் இல்லாமல் முழுசாக வந்தது. அதுவே எனக்குத் திக்கென்றது. மேலே பார்த்தால், முந்திரியின் முதுகெல்லாம் உள்ளே, நுனியெல்லாம் வெளியே. யாரோ நண்டு மாதிரி வைத்திருந்தார்கள். நல்ல கேக் அண்ணா, பொய் சொல்லக் கூடாது. ஆனால் அம்மா கேக் இல்லை.

நான் கேட்பது இது ஒன்றுதான். அம்மா கையால் கலந்த கேக் எங்கே போனது? பதில் வந்தால் பீரோ மேல் இருக்கிற உறை தபாலுக்குப் போகும். பதில் வராவிட்டால் ஜெனிக்கு நான் ஏதாவது சொல்லிக்கொள்கிறேன்.

காலேப்


சேலையூர்
15 டிசம்பர் 2024

தம்பி காலேப்,

நீ கேட்டதற்கு முதலில் பதில். அம்மா கையால் கலந்த கேக்கை நான் தின்றேன்.

2015 டிசம்பர். முடிச்சூர் பக்கம் வெள்ளம் வடிந்து பத்து நாள்கூட ஆகவில்லை. அம்மாவுக்கு ஒரு கண்ணில் புரை, இரண்டு கையிலும் நடுக்கம். இந்த வருடம் கேக் வேண்டாம் என்றேன். கேட்கவில்லை. எப்சியைக் கூப்பிட்டுச் சொன்னாள்: "வீட்டுக்கு நீ கலந்துடும்மா. காலேப்புக்குப் போறதை மட்டும் நான் கலக்குறேன். கை ஒண்ணுக்குத்தான் தாங்கும்." நான் அப்போது அதே அறையில் அவள் துணிகளை மடித்துக்கொண்டிருந்தேன். அந்தக் கைக்குத் தினமும் எண்ணெய் தேய்த்து நீவிவிட்டவன் நான். அதில் மிச்சமிருந்த ஒரு டின் பலமும் பிலாஸ்பூருக்கு.

அந்தோணிசாமியின் பேக்கரியில் அன்று விறகெல்லாம் ஈரம். "குந்துங்க சார், புகையடங்க நேரமாவும். அம்மா எப்டி கீறாங்க?" என்று பெஞ்சைக் காட்டினார். மூன்று மணியிலிருந்து ஆறரை வரை மடியில் இரண்டு டின்களோடு உட்கார்ந்திருந்தேன். அவ்வளவு நேரம் சும்மா இருந்ததுதான் தப்பு. துணியை விலக்கினேன். உன் டின்னிலிருந்து ஐந்து முந்திரியையும் எடுத்து, எப்சி கலந்த டின்னில் வட்டமாக வைத்தேன். அதிலிருந்த ஒற்றையை அம்மா கலந்த டின்னுக்கு மாற்றினேன். குழிகளை விரலால் தடவி மூடினேன். பிறகு அந்த விரலை நக்கினேன். கசந்தது. கண் தெரியாமல் சர்க்கரையை மிஞ்சிக் கருக்கியிருந்தாள்.

கெட்டுப்போன கேக் உனக்குப் போய்விடக் கூடாதே என்றுதான் மாற்றினேன் என்று பல வருடம் எனக்கே சொல்லிக்கொண்டு வந்தேன். அது பொய். மாற்றிய பிறகுதான் நக்கினேன்.

மறுநாள் அம்மா பார்சல் கட்ட உட்கார்ந்தாள். கண் உதவாததால் கேக்கின் மேல் விரலை ஓட்டி எண்ணினாள். ஐந்தாவதில் விரல் நின்றது. மறுபடியும் முதலிலிருந்து ஒரு சுற்று, மெதுவாக. என் பக்கம் முகத்தைத் திருப்பினாள். "அஞ்சும் இருக்குடா" என்றாள். பட்டர் பேப்பரை எடுத்தாள். பார்வை இல்லாததால் இரண்டு தரம் எண்ணுகிறாள் என்று அன்றைக்கு நினைத்தேன். ஒன்பது வருடமும் அப்படியே நினைத்திருந்தேன். இந்த வாரம் உன் கடிதத்தில் நண்டைப் படித்தேன். அம்மா எண்ணவில்லை, காலேப். எந்தப் பக்கம் முதுகு இருக்கிறது என்று பார்த்திருக்கிறாள். பார்த்துவிட்டுத் தைத்திருக்கிறாள்.

கிறிஸ்துமஸ் அன்று வீட்டுக் கேக்கை அவளே வெட்டினாள். எப்சி ஒரு வாயோடு தட்டை நகர்த்திவிட்டு என்னைப் பார்த்தாள். தான் கலந்தது இது இல்லை என்று அவளுக்குத் தெரியாதா? அம்மா பெரிய துண்டை என் தட்டில் வைத்தாள். "நல்லாயிருக்கா?" "நல்லாயிருக்கும்மா." "அப்ப முழுசும் நீயே சாப்பிடு. யாருக்கும் குடுக்காத." பக்கத்து வீடுகளுக்குத் தட்டில் வைத்து அனுப்பும் வழக்கத்தைக்கூட அந்த வருடம் நிறுத்திவிட்டாள். பதினொரு நாள் அதைத் தின்றேன். தொண்டை வரை கசந்தது. தினமும் அவள் கட்டிலில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

நீ போன் செய்தாய். நான் கத்தினேன். வைத்த பிறகு அம்மா சொன்னாள்: "அவன்கிட்ட ஏன்டா சத்தம் போடுறே? நல்ல கேக்தான் போயிருக்கு." அதற்கும் அர்த்தம் இப்போதுதான் தெரிகிறது. அவள் எனக்கு மூன்று தடவை வாசலைத் திறந்து வைத்திருக்கிறாள். நான் ஒரு தடவையும் உள்ளே போகவில்லை. அடக்கத்தன்று நீ டின்களைப் பார்த்ததும் எல்லோர் முன்னாலும் பிடிபட்டுவிட்டேன் என்று நினைத்துத்தான் அந்த வார்த்தையைச் சொன்னேன்.

உனக்கு வந்தது எப்சி செய்த கேக். நீ நல்ல கேக் என்று எழுதியிருந்ததை அவளிடம் படித்துக் காட்டினேன். "ஒம்போது வருஷம் கழிச்சு வருது" என்றாள். சிரித்தாளா என்று திரும்பிப் பார்ப்பதற்குள் அடுக்களைக்குள் போய்விட்டாள்.

உன்மேல் எனக்கு இருக்கிற மற்ற கோபங்கள் அப்படியே இருக்கின்றன. அவற்றைக் கடிதத்தில் எழுதினால் தபால் கனமாகிவிடும். பத்திரிகை அனுப்புவதும் அனுப்பாததும் உன் இஷ்டம். என்னைக் கேட்காமல் எப்சி ஜனவரி ஏழாம் தேதிக்கு இரண்டு டிக்கெட் போட்டிருக்கிறாள். வெயிட்டிங் லிஸ்ட். அதுவும் உங்கள் ஆட்கள் கையில்தான் இருக்கிறது.

இந்தக் கடிதம் ஒரு பிஸ்கட் டின்னோடு வரும். முந்தாநாள் நானே மாவு கலந்தேன். எப்சி ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பார்த்தாள். ஒரு யோசனையும் சொல்லவில்லை. கடைசியில் மட்டும், "முந்திரியையும் நீங்களே வைங்க" என்றாள். உடையாமல் வர வேண்டும் என்று பழத்தைக் குறைத்தேன். பிறகு மனம் கேட்காமல் இரண்டு கைப்பிடி அள்ளிப் போட்டேன். உடைந்தால் ஸ்பூன் எடுத்துக்கொள்.

அந்தோணிசாமி இப்போது கரண்ட் அடுப்புக்கு மாறிவிட்டார். டிசம்பரில் வீட்டு டின்களுக்காக மட்டும் பின்பக்கத்து விறகடுப்பை மூட்டுகிறார். "இன்னா சார், எங்க பூட்டீங்க இத்தினி வருசமா?" என்றார். துணியை விலக்கிப் பார்த்தார். "இன்னா இது, நட்சத்திரமா?" "நண்டு" என்றேன். "சர்தான். நம்ம ஏரியாவுல இந்த அடையாளம் யார்க்கும் இல்ல" என்று சொல்லி டின்னை உள்ளே தள்ளினார்.

வேட்டித் துணியில் தைத்தாயிற்று. தையல் கோணல்தான். நாளைக் காலை தபால் ஆபீசில் நிற்பேன். முன்னே எழுதிய இரண்டு கடிதத்திலும் பெயருக்குப் பின்னால் படிப்பை எல்லாம் போட்டிருந்தேன். இதற்கும் போடலாம் என்று பேனாவை எடுத்து, வைத்துவிட்டேன். அனுப்புநர் இடத்தில் வீட்டு விலாசம் மட்டும் எழுதியிருக்கிறேன். ரத்தினபாய் என்றும் எழுதவில்லை, என் பெயரும் எழுதவில்லை. இந்தக் கடிதத்தையும் கையெழுத்து இல்லாமலே அனுப்புகிறேன். யார் அனுப்பியது என்று ஜெனி கேட்டால், மூடியைத் திறந்து மேலே பார்க்கச் சொல்.